அலையைப் படமெடுக்கக் கிளம்பும் முன்: முதலில் காற்று, அப்புறம் கேமரா

கேள்வி இது: கையில் ஒரு நடுத்தர மிர்ரர்லெஸ் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், தனியாக வாங்கிய 70-300 லென்ஸ். பொழுதுபோக்காகக் கடல் அலைகளைப் படமெடுக்க ஆசை. ஆனால் உப்புக்காற்று பட்டாலே கேமரா போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நீர் புகாத கேமரா வாங்கிய பிறகுதான் கடலுக்குப் போக வேண்டுமா, இருப்பதை வைத்தே எடுக்கலாமா?

இருப்பதை வைத்தே எடுக்கலாம். பயமுறுத்துகிறவர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் பயப்படுவது அலை வந்து அடித்துவிடும் என்று. நான் பார்த்தவரை அப்படி ஒரே அடியில் போன கேமராக்கள் குறைவு. கண்ணுக்குத் தெரியாத சாரல் மேலே படிந்து, அதைத் துடைக்காமல் பையில் போட்டு மூடி, அடுத்த வாரம்வரை மறந்துபோனதால் கெட்டவைதான் அதிகம். இந்தச் சாரலை முடிவு செய்வது காற்றின் திசை. நல்ல அலைப்படம் கிடைக்குமா என்பதை முடிவு செய்வதும் பெரும்பாலும் அதே காற்றுதான். அதனால் கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் காற்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடித்து மிக நுண்ணிய துளிகளைக் காற்றில் எறிகின்றன. காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்தால் அத்தனையும் உங்கள் பக்கம்தான் வரும். அலையிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றாலும் கொஞ்ச நேரத்தில் லென்ஸ் முகப்பில் ஒரு மங்கல் படிந்துவிடும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். இதில் சமையல் உப்பு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 35 விழுக்காடு இருந்தாலே அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடலோரத்தில் ஈரப்பதம் அதற்குக் கீழே போவது அபூர்வம். ஆக, நீங்கள் காய்ந்துவிட்டது என்று நினைக்கும் படலம் உண்மையில் காய்வதே இல்லை. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதுபோல அது கசிந்துகொண்டே இருக்கும். மின்சாரம் கடத்தும் அந்த ஈரம் திருகுகளில் துருவாகவும், செம்பு கலந்த பாகங்களில் பச்சைக் களிம்பாகவும் வெளிப்படும். ஃப்ளாஷ் மாட்டும் இடம், லென்ஸ் பொருந்தும் வளையத்தின் ஓரம், முக்காலித் திருகு ஆகியவைதான் முதலில் பாதிக்கப்படும்.

அதனால் கேமராவை உலர்த்திவிட்டேன் என்பது தீர்வாகாது. உப்பை அங்கிருந்து அகற்ற வேண்டும். உப்பைக் கரைப்பது நல்ல தண்ணீர் மட்டுமே. லென்ஸ் துடைக்கும் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால்தான் பிரதானம். ஆல்கஹாலில் உப்பு அவ்வளவாகக் கரையாது, இடம் மாறிப் பூசிக்கொள்ளும். கடற்கரையில் லென்ஸைத் துடைக்கத் துடைக்க இன்னும் மங்கலாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, காற்றுக்கு வருவோம். இரவில் நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்ந்துவிடுகிறது. அதனால் விடியற்காலையிலும் அதன்பிறகு சிறிது நேரமும் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும். வெயில் ஏற ஏற இது திரும்பி, பகலில் கடற்காற்றாகிவிடும். பெரிய வானிலை மாற்றம் ஏதும் இல்லாத நாட்களில் பல கடற்கரைகளில் இதுதான் நடைமுறை. நிலக்காற்று வரும் அலையை எதிர்த்து வீசுவதால் அலை சீக்கிரம் சரிந்துவிடாமல் நிமிர்ந்து நிற்கிறது. அதன் முகம் வழுவழுப்பாக இருக்கும். முகட்டிலிருந்து கிளம்பும் திவலைகள் பின்னோக்கிக் கடல் பக்கமாகப் பறக்கும். படத்துக்கு இதைவிட அழகான நேரம் கிடையாது. அதே நேரத்தில் உப்பும் உங்களைவிட்டு விலகிப் போகிறது. கடற்காற்று அடிக்கும்போது இரண்டுமே தலைகீழ்: அலைகள் கலைந்து ஒழுங்கில்லாமல் உடையும், சாரல் முழுக்க லென்ஸில் விழும். மோசமான படத்துக்காகக் கேமராவைப் பாழாக்குவதில் என்ன லாபம்?

வானிலை முன்னறிவிப்பில் காற்றின் திசையைப் படிக்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று, மேற்கு நோக்கிப் போவதல்ல. கிழக்கு நோக்கிய கடற்கரைக்கு மேற்குக் காற்று நல்லது, மேற்கு நோக்கிய கரைக்குக் கிழக்குக் காற்று நல்லது.

வெளிச்சத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அலை எழும்பி மெலிதாகும் அந்த ஒரு கணத்தில் சூரியன் அதன் பின்னால் தாழ்வாக இருந்தால், தண்ணீருக்குள் வெளிச்சம் ஊடுருவி அலை முழுக்கப் பச்சைக் கண்ணாடியாகிவிடும். சிவப்பு ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்வதால் மிஞ்சுவது பச்சையும் நீலமும்தான். கிழக்குக் கரையில் இது காலையில் கிடைக்கும், நிலக்காற்றும் அதே காலையில் கிடைக்கும். மேற்குக் கரைக்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பின்னொளி மாலையில் வரும், அப்போது கடற்காற்று இன்னும் அடங்கியிருக்காது. அவர்கள் சீக்கிரம் எடுத்துமுடித்துவிட்டு சீக்கிரம் துடைக்க வேண்டியதுதான்.

முன்னறிவிப்பில் இன்னொரு எண்ணையும் பாருங்கள்: ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நொடிகள். பெரும்பாலானவர்கள் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுவார்கள். ஆழ்கடலில் அலையின் நீளம், இந்த நொடிக்கணக்கின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் வரும் மீட்டர். 6 நொடி அலை என்றால் 56 மீட்டர், 14 நொடி என்றால் 300 மீட்டருக்கு மேல். முதலாவது, அருகிலேயே அடித்த காற்று கிளப்பிவிட்ட சலசலப்பு. இரண்டாவது தொலைதூரப் புயலில் பிறந்து வரிசை வரிசையாக வருவது, கரை நெருங்கியதும் கணிசமாக உயரும். ஒன்றரை மீட்டர், 6 நொடி என்ற நாளைவிட ஒரு மீட்டர், 14 நொடி என்ற நாளில் நல்ல படங்கள் கிடைக்கும்.

அலை எங்கே உடையும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது உடையும். அடித்தரை மெதுவாகச் சரிந்தால் நுரையாக வழிந்து இறங்கும். சட்டென்று ஆழம் குறைந்தால் சுருண்டு, குழல்போல மடிந்து விழும். ஓதத்தின், அதாவது கடல்மட்டத்தின், ஏற்ற இறக்கத்தில் ஆழம் மாறுவதால், காலையில் சோம்பிக் கிடந்த இடம் ஆறு மணி நேரம் கழித்து வேறு கடலாக இருக்கும். ஓர் இடம் பிடிக்கவில்லை என்று கைவிடும் முன் வேறு ஓத நேரத்தில் ஒருமுறை பாருங்கள்.

இதே முன்னறிவிப்பு எண்களில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அலையின் உயரம் 2 மீட்டர் என்று போட்டிருந்தால் அது எல்லா அலைகளின் உயரமும் இல்லை, உச்சபட்சமும் இல்லை. இருப்பதில் பெரிய மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. ஆயிரம் அலைகளில் ஒன்று அந்த எண்ணைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்துக்கு வரும் என்று எதிர்பார்க்கலாம். 10 நொடிக்கு ஓர் அலை என்றால் ஆயிரம் அலை வர மூன்று மணி நேரம்கூட ஆகாது. அதாவது நீங்கள் ஒரு காலைப்பொழுது பாறையில் நின்றால், அந்த நாளின் 4 மீட்டர் அலையைப் பார்ப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அது முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது. ஆகவே இறங்குவதற்கு முன் மேலேயே நின்று குறைந்தது இருபது நிமிடம் கடலைப் பாருங்கள். ஈரமாக இருக்கும் பாறை, அலை அங்கே வந்து போயிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. பாசி படிந்து கறுத்த பாறை அடிக்கடி வருகிறது என்பதற்கு அத்தாட்சி. வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டே நடக்காதீர்கள், கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். பாறையிலிருந்து எடுப்பதானால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் வேலை கடலைப் பார்ப்பது மட்டும். பெரிய அலை வந்தால் முக்காலியை விட்டுவிட்டு ஓடுங்கள். கேமரா காப்பாற்றும் விஷயத்தில் என் அறிவுரைகளில் இது ஒன்றுதான் கேமராவுக்கு எதிரானது.

இப்போது உங்கள் கருவிகள். உங்களிடம் உள்ள 70-300 லென்ஸ்தான் உங்களுடைய சிறந்த பாதுகாப்பு உறை. 18-55 லென்ஸோடு வரும் கேமராக்களில் பெரும்பாலும் ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவுச் சென்சர்தான் (படத்தைப் பதிவு செய்யும் பாகம்) இருக்கும். அதில் 300 மி.மீ. வைத்து 100 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 8 மீட்டர் அகலம் படச் சட்டத்தை நிரப்பும். ஓர் அலை முகடு சுருள்வதை எடுக்க இது தாராளம். மணலில் உட்கார்ந்து கேமராவைத் தாழ்வாகப் பிடித்தால் அலை தொடுவானத்துக்கு மேலே எழும், ஒரு மீட்டர் அலைகூட மிரட்டும். மேட்டிலிருந்து எடுத்தால் அலை சப்பையாகிவிடும், ஆனால் நுரையின் கோலங்கள் தெரியும். இரண்டுமே வேண்டும். தண்ணீருக்கு மிக அருகில் அகலக் கோண லென்ஸோடு போய் நிற்கும் படங்களைப் பார்த்து மயங்கி அங்கிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

நீர்ப்புகாப்பு என்று விளம்பரப்படுத்தும் கேமரா வாங்குவது பற்றிக் கேட்டீர்கள். 'வெதர் சீலிங்', அதாவது ஈரமும் தூசியும் புகாத அடைப்பு, என்ற சொல்லுக்குக் கேமரா நிறுவனங்களிடையே பொதுவான அளவுகோல் கிடையாது. தூசியையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஐபி தரக் குறியீட்டை வெளிப்படையாகச் சொல்பவை சில மாதிரிகள் மட்டுமே. அந்தச் சோதனைகளும் நல்ல தண்ணீரில், புதுக் கருவியில் செய்யப்படுபவை. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், அவ்வளவுதான். சில லென்ஸ்களுக்கு முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் சீலிங் முழுமையாகும் என்று தயாரிப்பாளரே சொல்வதுண்டு. சீலிங் இருப்பது நல்லதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பொத்தான்களின் இடுக்கில் உப்பு உட்காருவதை அது தடுக்காது, வீட்டுக்கு வந்து துடைக்கும் வேலையும் குறையாது.

ஒரு கெட்டியான பாலிதீன் பை போதும். அடியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ஹூடை (லென்ஸ் முகப்பில் மாட்டும் வெயில்மறைப்பு வளையம்) சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குங்கள். பின்பக்கம் கையை நுழைக்கத் திறந்திருக்கட்டும். இதை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள், கரையில் காற்றோடு மல்லுக்கட்ட முடியாது. லென்ஸையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். கடற்கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது. இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு நாள் போங்கள். நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் என்பதால், ஒரு நீளத்தை வைத்துக்கொண்டு அதிலேயே நிறைய எடுங்கள். ஜூமைப் பம்ப் அடிப்பதுபோல ஆட்டாதீர்கள். பிளாஸ்டிக் உறை லென்ஸ் நீளும் பகுதியையும் சேர்த்து மூட வேண்டும்.

யூவி ஃபில்டர் மற்ற இடங்களில் வீண் செலவு என்பது என் கருத்து. கடற்கரையில் மட்டும் மாட்டுங்கள். முடித்ததும் அதைக் கழற்றிக் குழாயடியில் கழுவலாம், லென்ஸை அப்படிக் கழுவ முடியாதே. சூரியனுக்கு நேராக எடுக்கும்போது படத்தில் ஒளிப்பொட்டுகள் தெரிந்தால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் கழற்றிக்கொள்ளலாம்.

துணிகள் பல வேண்டும். ஒரு ஜிப் பையில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, இன்னொன்றில் உலர்ந்தவை, கண்ணாடிக்கென்று தனியாக ஒன்று. கண்ணாடியைத் தொடுவதற்கு முன் ஊதுகுழாயால் ஊதுங்கள். உப்பு கண்ணாடியைக் கீறுவதில்லை, அது மென்மையானது. அதோடு சேர்ந்து ஒட்டியிருக்கும் மணல்தான் கீறும், குவார்ட்ஸ் மணல் கண்ணாடியைவிடக் கடினம். ஊதிய பிறகு ஈரத் துணி, அப்புறம் உலர்ந்த துணி. சட்டை நுனியால் துடைப்பது வேண்டாம், அதிலும் உப்பு படிந்திருக்கும்.

அமைப்புகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரைப் படத்தில் அசையாமல் உறைய வைக்க ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் ஆரம்பியுங்கள், கிட்டத்தில் சிதறும் துளிகளுக்கு 1/2000. லென்ஸ் துளை எஃப் 5.6 முதல் 8 வரை, ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன்) தானியங்கியில் விடுங்கள். முகடு மடியத் தொடங்கும் முன்பே தொடர் படப்பிடிப்பை ஆரம்பிக்க வேண்டும், மடிந்த பிறகு பொத்தானை அழுத்தினால் நுரை மட்டுமே மிஞ்சும். ஆட்டோஃபோகஸ் சாரலில் தடுமாறும். ஒரே அளவு அலைகள் ஆழத்தைப் பொறுத்து ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் உடையும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஓர் அலை உடைந்த இடத்தில் ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றி, அடுத்ததற்குக் காத்திருங்கள்.

நீளமான வெளிப்பாடும், அதாவது ஷட்டரை அதிக நேரம் திறந்துவைப்பதும், முயன்று பார்க்க வேண்டியது. 30 நொடி திறந்துவைத்துக் கடலைப் பனிமூட்டமாக்கும் படங்கள் எனக்குச் சலித்துவிட்டன, அவற்றில் அலையே இருப்பதில்லை. கால் நொடிக்கும் ஒரு நொடிக்கும் இடையில்தான் சுவை இருக்கிறது. பின்வாங்கும் தண்ணீர் மணலில் கோடுகள் இழுப்பது அப்போது தெரியும். பகல் வெளிச்சத்தில் இதற்கு 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போதும், அது ஒளியை 64 மடங்கு குறைக்கும். 1/60 நொடி ஏறக்குறைய ஒரு நொடியாகிவிடும். முக்காலி தேவை. அதன் கடைசிக் கால் பகுதியை, அதாவது மெலிந்த அடிப்பகுதியை, முதலில் முழுவதும் இழுத்துவிடுங்கள். வழக்கத்துக்கு மாறாகத் தோன்றும், ஆனால் பூட்டுகள் மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே நிற்கும். கால்களை அழுத்திப் புதையுங்கள், இல்லையென்றால் அலை திரும்பும்போது அடிமணல் அரித்து முக்காலி சாயும்.

நுரையின் வெள்ளை எரிந்துபோகாமல், அதாவது விவரமே இல்லாத வெறும் வெள்ளையாகிவிடாமல், பார்த்துக்கொள்வது முக்கியம். இருண்ட கடலில் கொஞ்சம் நுரை இருந்தால் கேமரா அதை எரித்துவிடும், சட்டம் முழுக்க நுரை இருந்தால் சாம்பலாக்கிவிடும். ஹிஸ்டோகிராமின் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைப் பார்த்துத் திருத்துங்கள், ஜேபெக்காக அல்லாமல் சுருக்கப்படாத ரா (RAW) கோப்பாக எடுங்கள், நிழல்களைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வானமும் கடலும் ஒரே வெளிப்பாட்டில் அடங்காதது பழைய தலைவலி. 1850களில் குஸ்தாவ் ல கிரே என்ற பிரெஞ்சுப் படக்கலைஞர் வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று இரண்டு நெகட்டிவ்கள் எடுத்துத் தொடுவானத்தில் ஒட்டி அச்சிட்டார். அன்றைய தகடுகள் நீல ஒளிக்கு மட்டும் கூர்மையாக இருந்ததால் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். நம் சென்சர்கள் அந்தச் சிரமத்திலிருந்து நம்மை மீட்டுவிட்டன.

எடுத்து முடித்தாயிற்று. இனி வரும் அரை மணி நேரம்தான் கேமராவின் ஆயுளைத் தீர்மானிக்கும். படங்களைப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு முதலில் துடையுங்கள். பிழிந்த ஈரத் துணியால் உடல் முழுவதும், பொத்தான்களின் ஓரம், சுழல்விசைகள், லென்ஸ் வளையங்கள். அதன்பிறகு உலர்ந்த துணி. வெளிப்புறம் சுத்தமான பிறகே லென்ஸைக் கழற்றுங்கள், கழற்றும்போது கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். கழுத்துப் பட்டையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். உப்பு ஊறிய பட்டை அடுத்த பயணம்வரை கேமராவோடு உரசிக்கொண்டே இருக்கும், அதைத் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். முக்காலியைக் குழாயடியில் கழுவி, பகுதிகளைப் பிரித்து உலர்த்துங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து நேராக ஈரமான கடற்கரைக்குக் கேமராவைக் கொண்டுபோனால் லென்ஸ் வெளியேயும் சில நேரம் உள்ளேயும் வியர்க்கும். பையை மூடியபடியே வைத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் வெப்பநிலை சமமாகட்டும், பிறகு திறங்கள். சேமித்து வைக்க 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள உலர்பெட்டி நல்லது. இல்லையென்றால் இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல். கேமராப் பையில் வைக்க வேண்டாம், அந்தப் பையே ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

தண்ணீருக்குள்ளேயே இறங்கி எடுக்க ஆசை வந்தால் மிர்ரர்லெஸ்ஸை வீட்டில் விட்டுவிட்டு ஓர் ஆக்‌ஷன் கேமராவோடு போங்கள். மலிவான மென்பை உறைகளை நம்பினால், முதலில் உள்ளே டிஷ்யூ காகிதம் வைத்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். கண்ணாடியில் துளிகள் நிற்காமல் இருக்க அலைப் படக்காரர்கள் எச்சிலைத் தடவுவார்கள், அது வேலை செய்கிறது. நீந்தத் தெரிவதும் உடையும் அலைக்குள் நீந்துவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். செல்பேசியின் ஐபி68 தரமும் நல்ல தண்ணீரில் அளந்ததே. உப்புநீர் பட்டால் நல்ல தண்ணீரால் அலசித் துடையுங்கள், சார்ஜ் துளை முழுதாக உலரும்வரை சார்ஜ் போடாதீர்கள்.

எல்லாம் மீறி அலை கேமராவை முழுக்கிவிட்டால்? உடனே அணைத்து பேட்டரியையும் நினைவக அட்டையையும் எடுங்கள். வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். உப்புநீரும் மின்சாரமும் சேர்ந்தால் சுற்றுப்பலகையின் உலோகம் வேகமாக அரிக்கும். அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை, உப்பு உள்ளேயே இருக்கும். முடி உலர்த்தியின் சூடும் வேண்டாம். அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய், கடல்நீர் என்று மறைக்காமல் சொல்லுங்கள். மீண்டு வரும் என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். படங்கள் பெரும்பாலும் தப்பிவிடும்: நினைவக அட்டையை நல்ல தண்ணீரில் அலசி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, இன்னொரு கேமராவில் செருகாமல் கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள்.